குண்டுக் கொட்டடிக்கு வெள்ளையடித்த நாள்

வெள்ளைக்காரன் சண்டை போட்டது எங்கேயோ பர்மாப் பக்கம். குண்டை அடுக்கி வைக்க அவனுக்குக் கிடைத்த இடம் ஓடைக்கரைப்பட்டிக் கரிசல். சாத்தூரிலிருந்து அச்சங்குளம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வேலிக்கருவைக் காட்டுக்குள் முள்ளுக்குப் பயந்து பயந்து நடந்தால் திடீரென்று ஒரு சிமிண்டுத் தரை வரும். விமானம் இறங்குவதற்காகப் போட்டது. எத்தனை விமானம் இறங்கியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மிளகாய் வத்தல் மட்டும் வருசா வருசம் இறங்கிக் காய்கிறது. அந்தத் தரை முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் மண்ணைக் குவித்து அணைத்து, மூன்று அறைகள் வரிசையாக நிற்கும். அதுதான் குண்டுக் கொட்டடி. சுவரின் கனத்தில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். யுத்தம் முடிந்ததும் குண்டுகளை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், கதவுகளை ஊர் எடுத்துக்கொண்டது, மிச்சத்தை ஆடுகள் எடுத்துக்கொண்டன.

அப்புறம் பட்டாசுக் கம்பெனி வந்தது. வெடிக்கிற சாமானை ஊருக்கு ஒதுங்கித்தான் வைக்க வேண்டும் என்பதில் வெள்ளைக்காரனுக்கும் பட்டாசு முதலாளிக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. கொட்டடிக்கு இந்தப்புறம் சின்னச் சின்ன ஷெட்டுகளாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, கம்பெனி எழுந்தது. கொட்டடி சர்க்கார் புறம்போக்கில், கம்பெனி வேலிக்கு வெளியே நின்றது. வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திட்டிவாசல் வைத்திருந்தார்கள்.

அந்தத் திட்டிவாசலை வைக்கச் சொன்னவர் போர்மேன் ஊர்க்காவலன். ஆள் ஒல்லி, குரல் தடிப்பு. வெடிமருந்து புழங்குகிற இடத்துக்கு இரும்பு ஆகாது என்பதால் பெண்கள் சேலையில் ஊக்கு குத்தி வந்தால் வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார். அவருடைய மேசையில் ஒரு டப்பா நிறைய ஊக்கு கிடக்கும். ஊரில் கல்யாணம் வந்தால் பெண்கள், “ஊக்கு வேணுமா, போர்மேன்கிட்டக் கேளுங்கடி, கடையே வச்சிருக்காரு” என்று கேலி பேசுவார்கள். அவர் காதில் விழும். சிரிக்க மாட்டார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். வானத்தில் முதல் உறுமல் கேட்டதும் கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எல்லாரும் திட்டிவாசல் வழியாகக் கொட்டடிக்கு ஓடிவிட வேண்டும். மின்னலுக்கு மருந்து ஷெட்டை ரொம்பப் பிடிக்கும். குண்டுக்காகக் கட்டின சுவரோ இடிக்கு அசையாது. இரண்டாவது சட்டம் வெள்ளையடிப்பது. இன்ஸ்பெக்‌ஷன் என்று யார் வந்தாலும் சரி, முந்தின நாளே சுண்ணாம்பு கரைத்துச் சுவர் பூராவும் அடித்துவிட வேண்டும். இதை அவர் அதிகாரிகளுக்குப் பயந்து மட்டும் செய்யவில்லை. வெள்ளைச் சுவரில் மருந்துத் தூசி தெரியும், தெரிந்தால் துடைக்கலாம், துடைத்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். இருபது வருசமாக இதைச் சொல்லிச் சொல்லி, கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே கை வெள்ளையடிக்கிற மட்டையைத் தேடும்.

ஊர்க்காவலனின் ஒரே மகள் பாண்டிச்செல்வி. அவளும் அதே கம்பெனியில்தான் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தாள். இரண்டாயிரத்து நாலாம் வருசம் சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை இடியோடு வந்தது. எல்லாரும் ஓடினார்கள். கடைசியாக ஓடி வந்தவள் அவள்தான். பசை ஈரமும் சில்வர் பொடியும் அப்பிய கையோடு மூன்றாவது அறைக்குள் நுழைந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, வலது கையைச் சுவரில் ஊன்றி நின்றாள்.

“கையத் துடச்சிட்டு வரத் தெரியாதா?” என்று அதட்டினார் அப்பா.

“இடி நம்மளக் கேட்டுட்டா விளுது?” என்றாள் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக்கூட உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஆவணியில், வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளில், பூச்சட்டி ஷெட் தீப்பிடித்தது. நாலு பேர் போனார்கள். பாண்டிச்செல்வியும் அதில் ஒருத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். அவிழ்க்க வேண்டாம் என்றார்கள். ஊர்க்காவலனும் அவர் மனைவி சோலையம்மாளும் மகளின் முகத்தைப் பார்க்காமலே மண்ணுக்குக் கொடுத்தார்கள். முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. நீளமாக ஒரு வெள்ளை மூட்டை. அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

ஐப்பசியில் மறுபடி இடி இடித்து, மறுபடி எல்லாரும் கொட்டடிக்கு ஓடினபோது அவர் அதைப் பார்த்தார். மூன்றாவது அறையில், வாசலை ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு சில்வர் கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. மின்னல் வெட்டும்போது அதுவும் மின்னிற்று. ஊர்க்காவலன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் மத்தியானச் சாப்பாட்டை அங்கே எடுத்துப்போய், அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். ஷெட்டுப் பக்கம் வெக்கை தாங்கவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னார்.

சோலையம்மாளிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் வருவாள். வந்தால் வெறுங்கையோடு வர மாட்டாள். மஞ்சள் வைப்பாள், குங்குமம் வைப்பாள், பூப் போடுவாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை, சூடம் கொளுத்துவாள். வெள்ளிக்கிழமைதோறும் கொளுத்துவாள். மருந்து ஷெட்டுக்கு எட்டுகிற தூரத்தில் சூடம்! பெண்டாட்டியின் அழுகையைவிட அந்தத் தீக்குச்சிக்கு அவர் அதிகம் பயந்தார். பாவம், போர்மேன் உத்தியோகம் ஒரு மனுசனை அப்படியும் ஆக்கிவிடுகிறது.

இரண்டு வருசம் இப்படியே போயிற்று. இரண்டாயிரத்து ஆறில் ஆர்டர் குவிந்தது. முதலாளி ஒருநாள் காரை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார்.

“ஊர்க்காவலு, கொட்டடி எடத்தைக் குத்தகைக்குக் கேட்டு எளுதிப் போட்டிருக்கேன். கெடச்சிரும் போலருக்கு. அந்தக் குட்டிச்சுவரை இடிச்சுத் தள்ளிட்டு வரிசையா ஷெட்டுப் போட்டிரலாம். அடுத்த சீசனுக்கு எடம் பத்தலைங்கிற பேச்சே இருக்காது.”

“சரிங்க மொதலாளி” என்றார் ஊர்க்காவலன்.

வேறென்ன சொல்வது? அன்று மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே இருந்தார். மகளை இரண்டாம் தடவை கொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

தெய்வம் சில நேரம் கார் ஏறியும் வரும். அடுத்த வாரமே வந்தது. இறங்கினவர் லட்சுமிகாந்தம் என்கிற நாற்பது வயசு அம்மாள். விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண், மெட்ராஸில் குடியேறி ரொம்ப நாளாகிறது. கழுத்தில் கேமரா. யுத்த காலத்து ராணுவக் கட்டடங்களைத் தேடிப் பிடித்துப் பாதுகாக்கிற ஒரு சங்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அப்படியும் ஒரு சங்கம் இருக்குமா என்று ஊர்க்காவலனுக்குச் சந்தேகம்தான்.

“கோயிலுக்கும் கோட்டைக்கும் ஆயிரம் பேர் இருக்காங்க. இந்த மாதிரி காட்டுக்குள்ள கெடக்கற கொட்டடியை யார் பாக்கறா? அறுபது வருசம்தானே ஆச்சுன்னு இடிச்சுடறாங்க. அறுபது வருசத்தை விட்டாத்தானே அது அறுநூறு வருசம் ஆகும்?” என்றார் அந்த அம்மாள்.

அவர் டார்ச் அடித்துக் காட்டினபோதுதான் ஊர்க்காவலன் அந்தச் சுவர்களைச் சரியாகப் பார்த்தார். கையைத் தவிர வேறெதையும் அவர் அங்கே பார்த்ததில்லை. மூன்று அறையிலும் சுவர் நெடுக பென்சிலாலும் கரித்துண்டாலும் சிப்பாய்கள் எழுதி வைத்திருந்தார்கள். பஞ்சாபி, உருது, இங்கிலீஷ் எல்லாம் இருந்தது. ஒரு நாய்ப் படம். கொண்டை போட்ட ஒரு பொம்பிளைப் படம், மூக்குத்தியை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தி வரைந்திருந்தான் எவனோ. ஒரு மூலையில் தமிழில், “இங்கே தண்ணீர் உப்பு. அய்யாச்சாமி.”

“இப்பவும் உப்புத்தான்” என்றார் ஊர்க்காவலன்.

“கொட்டடி வேற ஊர்லயும் இருக்கு. சுவர் இப்படி எங்கயும் இல்ல. எங்க கமிட்டி வந்து பாத்து எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் கலெக்டர் ஆபீஸ் மூலமா இதைப் பாதுகாத்துடலாம். ஒரு கல்லைக்கூட யாரும் தொட முடியாது.”

“ஒரு கல்லைக்கூடவா?”

“ஆமா.”

“குத்தகைக்கு எடுத்தவகளும் தொட முடியாதா?”

“யாரும் முடியாது.”

மூன்றாவது தடவையும் கேட்டார். அந்த அம்மாள் கேமராவை இறக்கிவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழைய கட்டடத்தின் மேல் இவ்வளவு பிரியம் உள்ள போர்மேனை அவர் அதற்கு முன்னால் கண்டதில்லை போலிருக்கிறது. ஊர்க்காவலன் மூன்றாவது அறையில் அந்தக் கையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “வந்து பாக்கட்டும்ப்பா. அவுக வேணும்னா நமக்கு இல்ல, அவுக வேண்டாம்னா நமக்கு. எதுனாலும் சீக்கிரம் சொல்லச் சொல்லு” என்றார். கமிட்டியை விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர கம்பெனி வேனையும் கொடுத்தார். வியாபாரி, சர்க்காரிடம் பேர் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவருக்குத் தெரியும்.

கமிட்டி வருகிற தேதிக்கு முந்தின நாள் முள்ளை வெட்டி, ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளியாகிவிட்டது. ஊர்க்காவலன் பஞ்சம்மாளைக் கூப்பிட்டார். திரி பசை ஒட்டுகிற பஞ்சம்மாள்தான் பெண்களில் மூத்தவள். வாய் நீளம், கை அதைவிட வேகம்.

“ஏ பஞ்சம்மா, நான் விடியமின்ன வேன்ல விருதுநகர் போயிருவேன். நாளைக்கிப் பெரிய இன்ஸ்பெக்‌ஷன். மெட்ராஸ்ல இருந்து வாராக. கொட்டடி பளிச்சின்னு இருக்கணும். எனக்குத் தலைகுனிவு வந்திறக் கூடாது.”

“நீங்க போயிட்டு வாங்கண்ணே. நாங்க எம்புட்டு இன்ஸ்பெக்‌ஷன் பாத்திருக்கோம்!”

அவர் நிம்மதியாகப் போனார். விதி சிரிக்கிற சத்தம் நமக்குக் கேட்டால் யார்தான் நிம்மதியாகப் போவார்கள்?

ரயிலிலிருந்து மூன்று ஆண்கள், லட்சுமிகாந்தம் அம்மாளோடு நாலு பேர் இறங்கினார்கள். இட்லி சாப்பிட்டார்கள். மூவரில் வயசானவர் பழஞ்சுவர்களைப் பழுது பார்ப்பதில் பெரிய கை என்று அந்த அம்மாள் சொன்னார். வேனில் வரும் வழியெல்லாம் அவர்கள் அந்தப் பென்சில் எழுத்துகளைப் பற்றித்தான் பேசினார்கள். அய்யாச்சாமி யாராக இருக்கும், சிப்பாயா கூலியா என்று ஒரு வாதம் நடந்தது. ஊர்க்காவலனுக்கு அய்யாச்சாமியைப் பற்றிக் கவலையில்லை. இன்று சாயங்காலத்துக்குள் மகளின் கை பத்திரமாகிவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, அடிக்கொரு தரம் டிரைவரிடம், “பாத்துப் போ, பாத்துப் போ” என்றார்.

ரோட்டை விட்டு இறங்கிச் சிமிண்டுத் தரையில் வேன் ஏறினபோது, முன் சீட்டில் இருந்த வயசானவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “அதென்ன, கோயிலா?”

கரிசலுக்கு நடுவே, நெருஞ்சியும் முள்ளும் வெட்டின வெளியில், கொட்டடி வெள்ளை வெளேரென்று நின்றது. வெயிலில் கண் கூசிற்று. வெளிச்சுவர் பூராவும் ஒரு இடம் விடாமல் சுண்ணாம்பு. அதோடு விட்டார்களா, அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டையும் இழுத்திருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். எல்லாருக்கும் தலையில், மூக்கில், புருவத்தில் வெள்ளைப் புள்ளி.

ஊர்க்காவலன் வேன் நிற்பதற்கு முன்பே குதித்தார்.

“அடிப்பாவிகளா, என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீக!”

“எங்களுக்குச் சொல்லியா தரணும்?” என்றாள் பஞ்சம்மாள் மூச்சு வாங்க. “ராத்திரியே சுண்ணாம்பு ஊறப்போட்டு, கோளி கூப்பிட எந்திரிச்சு வந்தோம்ணே. உள்ள மூணு ரூமும் ரெண்டு கோட்டிங். எவனோ செவுரு பூரா கிறுக்கி வச்சிருந்தான், ஒரு கிறுக்கல் தெரியுதான்னு பாருங்க!”

லட்சுமிகாந்தம் அம்மாள் முதல் அறைக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்தார். இரண்டாவது அறைக்குப் போனார். அங்கிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தால், சுத்தமாகக் கழுவின தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கோபமெல்லாம் தாண்டிய ஒரு முகம்.

ஊர்க்காவலன் மூன்றாவது அறையின் வாசலில் நின்றார். இருபது வருசமாக அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறார்கள். யாரை அடிப்பது? தன் கன்னத்தில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்தார். அப்புறம் திறந்தார்.

கை இருந்தது.

சுற்றிலும் பால் வெள்ளை. நடுவில் ஒரு விரலுக்குக்கூடச் சேதம் இல்லாமல் சில்வர் கை. விரல் இடுக்கில்கூட மிகச் சின்ன மட்டையால், ஓரம் பிசகாமல், நிதானமாகப் பூசியிருந்தார்கள். முன்னே அழுக்குச் சுவரில் மங்கிக் கிடந்த கை இப்போது இன்றுதான் வைத்த மாதிரி துலங்கிற்று.

பஞ்சம்மாள் பின்னாலேயே வந்து நின்றாள். குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

“பசை மட்டையால நாந்தாண்ணே பூசினேன். மத்தவளுகளக் கிட்ட விடல. நீங்க தெனமும் வெக்கைக்குப் பயந்தா இங்கன வந்து சாப்பிட்டீக? எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

ஊர்க்காவலன் அழுதார். மகளைக் குழிக்குள் இறக்கினபோது அழாத அழுகையையும் சேர்த்து, வாய்விட்டு, கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதார். இந்தப் பெண்களைக் கும்பிடுவதா திட்டுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. மகளின் கையைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான், அதைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியை அடைத்தவர்களும் அவர்கள்தான். இரண்டையும் ஒரே மட்டையால் செய்திருக்கிறார்கள்.

வயசானவர் உள்ளே வந்தார். சுவரை நகத்தால் மெல்லச் சுரண்டினார். சுண்ணாம்போடு பென்சிலும் சேர்ந்தே உதிர்ந்தது. “எடுக்க முடியாது. எடுத்தா அதுவும் கூடவே வந்துரும்” என்று தன் ஆட்களிடம் சொன்னார். பிறகு கையைப் பார்த்தார். “இது யாரு?”

“எங்க போர்மேன் மகளுங்க. ரெண்டு வருசமாச்சு” என்றாள் பஞ்சம்மாள்.

அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு மறுபடி வந்து நின்றார். நல்ல மனுசர்தான். வெளியே வந்ததும் லட்சுமிகாந்தம் அம்மாள், “சார், இதையே காரணமா வச்சு எழுதிப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“எனக்கும் ஆசைதாம்மா. நாம கேக்கறது யுத்த காலத்துக் கட்டடத்துக்கு. யுத்த காலம் எங்கன்னு அவங்க கேட்டா எதைக் காட்டறது? இந்தச் சுண்ணாம்பையா?”

பெண்கள் கமிட்டிக்காரர்களுக்குக் கலர் சோடாவும் முறுக்கும் கொடுத்தார்கள். நடந்தது இன்னதென்று அந்தப் பெண்களுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது. வேன் திரும்பிப் போகையில் லட்சுமிகாந்தம் அம்மாள் ஜன்னல் வழியாகக் கடைசி வரைக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அவருக்கும் அன்று ஒரு சாவுதான்.

தீபாவளி கழிந்து கார்த்திகையில் முதலாளிக்குக் குத்தகை கிடைத்தது. அவர் ஊர்க்காவலனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். கை விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“மனசுல வச்சுக்கிடாத, ஊர்க்காவலு. வேணும்னா அந்த எடத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்துப் பெருசாப் போட்டுத் தாரேன்.”

“சரிங்க மொதலாளி” என்றார் ஊர்க்காவலன்.

ஜேசிபி வந்தது. ஓட்டியவன் பேர் காளிராஜ், விஸ்வநத்தத்துக்காரன். “அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க” என்றான். ஊர்க்காவலன் தள்ளி நின்றார். காளிராஜ் முதல் அறையிலிருந்து ஆரம்பித்தான். மண் மேடு வெண்ணெயாக வழிந்தது. அப்புறம் சுவருக்கு வந்தான். முதல் இடிக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாவது இடிக்கும் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. மத்தியானத்துக்குள் ஜேசிபியின் பல் இரண்டு முறிந்தது. உள்ளே குண்டு வெடித்தாலும் வெளியே போகக் கூடாது என்று கட்டின சுவர், வெளியே இருந்து ஒருத்தன் தட்டினால் திறந்துவிடுமா?

மெஷின் உளி வைத்துக் கொத்தலாம் என்றார் காண்ட்ராக்டர். உளியில் இரவும் பகலும் தீப்பொறி பறக்கும், ஷெட்டு நிறைய மருந்து இருக்கிறது என்று முதலாளியே வேண்டாம் என்றுவிட்டார். அப்படியானால் வெடி வைத்துத் தகர்த்துவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். பட்டாசுக் கம்பெனிக்குப் பக்கத்தில் வெடி வைக்கலாம் என்று யோசனை சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“சனியனை விட்டுத் தள்ளுங்கப்பா. வேலியத் தள்ளிப் போட்டு, அதை உள்ளுக்குள்ள எடுத்துக்கிடுவோம். மளைக்கு ஒதுங்க ஆகட்டும். ஷெட்டை இந்தப் பக்கம் போடு.”

காளிராஜ் முறிந்த பல்லைப் பொறுக்கிக்கொண்டு போனான். ஊர்க்காவலன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் வாங்கிக் கொடுக்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வேலிக்கு உள்ளே வந்துவிட்டதால் கொட்டடியும் இனிமேல் கம்பெனிக் கட்டடம். கம்பெனிக் கட்டடம் என்றால் ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் வெள்ளையடிக்க வேண்டும். சட்டம் போட்டவரே மீற முடியுமா?

அடுத்த வருசம் ஆனியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று தாக்கல் வந்தது. முந்தின நாள் காலையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது கம்பெனி வாசலில் சோலையம்மாள் வந்து நின்றாள். மகள் போனபின் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. பஞ்சம்மாள் எதை எப்போது சொன்னாளோ, தெரியாது.

ஊர்க்காவலன் ஓடி வந்தார். பார்த்ததும் அவர் வாயில் முதலில் வந்தது போர்மேன் பேச்சுத்தான்.

“சூடம் கீடம் கொண்டாந்திருக்கியா?”

சோலையம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினாள். வெற்றிலையும் பாக்கும்தான். பிறகு தோள்பட்டையில் குத்தியிருந்த ஊக்கைத் தானே கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை டப்பாவில் போடவில்லை. சட்டைப் பையில் வைக்கப் போய், அதுவும் சட்டத்துக்கு ஆகாது என்று நினைவு வந்து, வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு அவளைக் கூட்டிப்போனார்.

மூன்றாவது அறைக்குள் பெண்கள் விலகி நின்றார்கள். சோலையம்மாள் சுவருக்குப் பக்கத்தில் போனாள். தன் வலது கையை விரித்து, தொடாமல், அந்தக் கைக்கு நேராகக் காற்றில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய கை பெரிதாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “நான் பெருசுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். வேலைக்கி அனுப்பினேனே.”

வெளியே சுண்ணாம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. சோலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஞ்சம்மாளிடமிருந்து பசை மட்டையை வாங்கினாள். சட்டியில் தோய்த்து, விளிம்பில் வழித்துவிட்டு, கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“வெரல்ல பட்டுறாம” என்றார் ஊர்க்காவலன்.

“சும்மா இருங்க. நான் நகம் வெட்டிவிட்ட கைதான” என்றாள் அவள். விரல் விரலாகச் சுற்றி வந்தாள்.